மைத்துனன் மருந்து அளந்த ஞாயிறுகள்

1

டெல்லிக்கு வர விசா வேண்டியதில்லை. அதனாலேயே என்னைப் புலம்பெயர்ந்தவன் என்று ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. என் மனைவி செல்வியின் தம்பி பாலா டெக்ஸாஸில் இருக்கிறான். அவன் சிவகாசியில் வந்து இறங்கினால் தெருவே திரண்டு வந்து அங்கே குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்கும். நான் போய் இறங்கினால், "வாங்க, எப்பக் கிளம்புறீங்க" என்று இரண்டு விசாரிப்பையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். பாதி ஆயுளை இந்தி பேசுகிற ஊரில் கழித்து, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டி, இன்றைக்கு மூச்சு விடலாமா என்று போனில் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறக்கிறவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? விமானத்தில் சாப்பாடு கொடுக்கிற தூரம் போனால்தான் புலம்பெயர்வு என்றால், எனக்கும் ஒருமுறை சாண்ட்விச் கொடுத்திருக்கிறார்கள்.

டெல்லியிலும் எனக்கு மரியாதை உண்டு. வருஷத்தில் இரண்டு வாரம் மட்டும். தீபாவளி நெருங்கினால் எங்கள் அலுவலகத்தில் நான் குமாஸ்தா வர்க்கத்திலிருந்து நிபுணர் வர்க்கத்துக்கு உயர்த்தப்படுவேன். "சிவகாசிவாலே சாப்" என்று கூப்பிடுவார்கள். பட்டாசு வெடிக்கலாமா கூடாதா, பச்சைப் பட்டாசு என்றால் என்ன, அது பச்சையாக இருக்குமா என்று பக்கத்து மேஜை குப்தாஜி கேட்பார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நிதானமாக விளக்குவேன். அன்று காலை குப்தாஜி படித்து மடித்துவைத்த செய்தித்தாளில் இருந்ததைத்தான் அவருக்கே திருப்பிச் சொல்கிறேன் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

உண்மை என்னவென்றால், என் அப்பா அச்சகத்தில் லேபிள் வெட்டுகிற வேலை பார்த்தவர். பட்டாசோடு எங்கள் குடும்பத்துக்கு இருந்த உறவு பெட்டியின் வெளிப்பக்கத்தோடு முடிந்துவிட்டது. உள்ளே இருப்பதற்கு எங்கள் ஊரில் மருந்து என்று பெயர். அந்த மருந்தை நான் கையால் தொட்டதில்லை. செல்வி வீடுதான் மருந்து வீடு. அவளுடைய அப்பா ஆலையில் கலவை அறை போர்மேன்.

ஆனால் பொய் ஒரு தடவை நல்ல விலைக்குப் போய்விட்டால் கடையை மூட மனசு வருமா? இந்த வருஷம் அந்தக் கடையின் கிளை டெக்ஸாஸ் வரைக்கும் திறந்துவிட்டது.

2

பாலா வாரம் தவறாமல் வீடியோவில் கூப்பிடுவான். அவனுக்கு ஞாயிறு காலை. எங்களுக்கு ஞாயிறு சாயங்காலம் ஏழு மணி. அவன் மனைவி மெக்சிகோ வம்சம், தங்கமான பெண். குழந்தைகள் அம்மாவோடு ஸ்பானிஷ், அப்பாவோடு ஆங்கிலம். அந்த வீட்டில் தமிழ் தெரிந்த ஜீவன் அவன் ஒருவன்தான். முதல் பத்து நிமிஷம் அக்காவோடு பேசுவான். செல்வி தோசைக்கல்லைப் போட எழுந்து போனதும் போனைத் தூக்கிக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போவான். அங்கே ஒரு மர மேஜை. போனை டப்பா ஒன்றில் சாய்த்து நிறுத்திவிட்டு, என்னோடு பேசிக்கொண்டே தோட்டா தயாரிப்பான்.

பயப்பட வேண்டாம், அங்கே அது நம் ஊரில் வீட்டில் வத்தல் போடுகிற மாதிரி. சனிக்கிழமை கிளப்பில் காகித வட்டத்தைப் பார்த்துச் சுடுவார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு வருவான். கழுவி, மறுபடி மருந்து அளந்து போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தினால் புதுத் தோட்டா. சட்டப்படி அங்கே தப்பில்லை. செல்விக்கு, தம்பி சுடப் போகிறான் என்பது தெரியும். வீட்டில் மருந்து வைத்திருக்கிறான் என்பது தெரியாது.

"அக்காகிட்ட மூச்சு விடாதீங்க, அத்தான்" என்பான்.

"நான் மூச்சு விடுறதே டெல்லியில கஷ்டம், மாப்ளே" என்பேன். அவன் சிரிப்பான். அவன் சிரிப்புக்காகவே நான் வாரம் முழுவதும் விஷயம் சேர்ப்பேன். மெட்ரோவில் நடந்தது, கறிகாய்க்காரனோடு நடந்தது, மேலதிகாரி கொட்டாவி விட்டது. வேறு எவன் என் நகைச்சுவைக்கு இப்படிக் கண்ணில் நீர் வரச் சிரித்தான்?

ஒரு ஞாயிறு அவன் மேஜையில் பொருத்தியிருந்த பழைய கருவியைத் தட்டிக் காட்டினான். மேலே மருந்து கொட்டுகிற குழாய், நடுவில் உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. பிடியை மேலே தூக்கிக் கீழே இறக்கினால் ஒரு அளவு மருந்து கூட்டுக்குள் விழும்.

"இது செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. இப்ப ஒரு தடவ கூடுதலா விழுது, ஒரு தடவ கொறைய விழுது. புதுசு வாங்கணும். மூணு தினுசு இருக்கு. நீங்கதான் சொல்லணும்."

"நானா?"

"நம்ம ஊர்க்காரர்ல. மருந்தப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

அப்போதே சொல்லியிருக்கலாம், மாப்ளே, எனக்குத் தெரிந்தது பெட்டி மேல் லட்சுமி படம் மட்டும்தான் என்று. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

3

இங்கே என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நிபுணர் எந்த விலாசத்தில் குடியிருக்கிறார் என்று தெரிய வேண்டும் அல்லவா.

நாங்கள் பல வருஷம் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று காலி செய்யச் சொன்னார்கள். கரோல் பாகில் மூன்றாம் மாடிக்கு வந்தோம். என் அடையாள அட்டைகள் எல்லாம் இன்னும் சரோஜினி நகரிலேயே குடியிருக்கின்றன. விலாசம் மாற்ற ஒரு வங்கிக்குப் போனேன். பழைய விலாசத்துக்கு ஒரு தபால் வரும், அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கினால் மாற்றிவிடலாம் என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"பாயி சாப், அங்கே இப்போது பள்ளம்தான் இருக்கிறது" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"பள்ளத்துக்கு நம்பர் இருக்கிறதா?" என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையான அக்கறையோடு கேட்டார்.

அதிலிருந்து எனக்கு ஒரு கால் எப்போதும் தரையில் படாத மாதிரி இருக்கிறது. மூன்றாம் மாடியில் நாற்காலியை அங்கேயும் இங்கேயும் நகர்த்திக்கொண்டே இருப்பேன். செல்வி மந்திர் மார்க் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். "நாற்காலிய ஒரு எடத்துல வைங்க, இல்ல நீங்க ஒரு எடத்துல இருங்க. ரெண்டும் சேந்து நகந்தா நான் எதப் பிடிக்கிறது?" என்பாள்.

எங்கள் மகள் வைஷு கல்லூரிக் கடைசி வருஷம். டெல்லியில் பிறந்தவள். தமிழ் கேட்டால் புரியும். பேசினால் இரண்டாவது சொல்லில் இந்தி ஏறிவிடும். எழுத்து என்றால் கடைப் பலகையில் பாதி படிப்பாள். பட்டாசுக்கு எதிராகப் பதாகை பிடிக்கிறவள். தோழிகளிடம் எங்கள் ஊர் மதுரைப் பக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். "அச்சா தோ நீங்க சிவகாசின்னு சொல்லாதீங்கப்பா, ப்ளீஸ்." மாமாவோடும் பேச்சில்லை. துப்பாக்கி பற்றி ஒருமுறை இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. அன்றிலிருந்து பாலா அவளுக்கு 'பந்தூக்வாலே மாமா', துப்பாக்கி மாமா. ஞாயிறு ஏழு மணியானால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள்.

இன்னொன்று. வீட்டுக்குள் நுழைகிற எவரிடமும் செல்வி சொல்கிற முதல் வார்த்தை, "கையக் காட்டு." கல்யாணமான நாளிலிருந்து இதுதான். மெட்ரோக் கம்பியைப் பிடித்த கை, ஊர் அழுக்கு, அவளுக்குச் சுத்தம் அதிகம் என்று நினைத்திருந்தேன். நானும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டித் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். வைஷுவும் அப்படித்தான். கொரோனா வந்தபோது, உலகமே உன் வழிக்கு வந்துவிட்டது என்று கேலி செய்திருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. டீச்சர்கள் சட்டென்று சிரிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

4

பாலா சொன்ன மூன்று தினுசு இவை. ஒன்று, வெறும் கரண்டி. வரிசையாக அளவு வைத்த சின்னச் சின்னக் கரண்டிகள், அள்ளி வழித்துப் போட வேண்டியது. இரண்டு, அவனிடம் இருப்பது போலவே கைப்பிடி வைத்த உருளை, ஆனால் புதியது, குழாய் கண்ணாடி போல உள்ளே தெரியும். மூன்று, மின்சாரத்தில் ஓடுவது. பொத்தானை அழுத்தினால் தானே நிறுத்து, தானே கொட்டி, அடுத்ததற்குத் தயாராகி நிற்கும். பேச்சுக்கும் கைக்கும் இடைஞ்சல் இல்லாமல் வேலை ஓடும் என்று அவனுக்கு மூன்றாவது மேல் கண்.

அளந்து போடுவது சரியா, நிறுத்துப் போடுவது சரியா? நிபுணர் கருத்துச் சொல்ல வேண்டும். எங்கள் மாடியிலிருந்து இறங்கினால் கரோல் பாகில் நகைக்கடைகள் வரிசையாக இருக்கும். அவர்களுக்குத் தராசு விற்கிற கடையும் ஒன்று உண்டு. அலுவலகம் விட்டு வரும்போது, நுணுக்கமான நிறுவை எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தக் கடையில் ஏறினேன். என் கறுப்புப் பையைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தேன்.

"என்ன நிறுக்கணும் அங்கிள்ஜி, சோனாவா, சாந்தியா?" என்று கடைக்காரன் இந்தியில் கேட்டான். தங்கமா வெள்ளியா என்று அர்த்தம்.

வெடிமருந்துக்கு இந்தியில் என்ன என்று எனக்குத் தெரியும். குப்தாஜி உபயம். அந்தப் பெருமையில், "பாரூத்" என்றேன்.

டெல்லியில் ஒரு கடை இவ்வளவு அமைதியாகி நான் பார்த்ததில்லை. மோதிரம் நிறுக்க வந்த அம்மாள் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். எல்லோர் கண்ணும் என் பையின் மேல் நின்றது. நான் பையைத் திறக்கப் போனேன். "மத் கோலோ, திறக்காதே" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனாலும் திறந்தேன், வேறு எப்படி நிரூபிப்பது? டிபன் பாக்ஸை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினேன். மிச்சம் வைத்த தயிர் சாதம், ஓரத்தில் மாவடு.

கடைக்காரன் வெகுநேரம் அந்த மாவடுவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் முழங்கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுவந்து விட்டு, "அங்கிள்ஜி, இந்த மார்க்கெட்டில் அந்த வார்த்தையை நினைக்கக்கூட நினைக்காதீர்கள். மேலே கேமரா இருக்கிறது" என்றான். நான் கேமராவுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன்.

தராசு பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு அருமையான விஷயம் கிடைத்துவிட்டது.

5

அந்த ஞாயிறு, செல்வி தோசை வார்க்கப் போனதும் ஆரம்பித்தேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், கதையை நடித்துக் காட்டுவேன். பையை மேஜையில் வைத்தது, மோதிரக்கார அம்மாள் முகம், மாவடு. பாலாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கையால் பிடியை இழுத்துக்கொண்டிருந்தான். கூட்டை எடுப்பான், குழாய்க்குக் கீழே பிடிப்பான், பிடியை இழுப்பான், குண்டை அழுத்துவான், முடித்ததைக் கிண்ணத்தில் போடுவான். போடும்போதெல்லாம் கிண்ணத்தில் ணங் என்று ஒரு சத்தம். என் கதைக்குத் தாளம் மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

நான் கேமராவுக்குக் கும்பிடு போட்ட இடத்தில் அவன் குலுங்கிக் குனிந்துவிட்டான். நிமிர்ந்ததும் கையிலிருந்த கூட்டைப் பார்த்தான்.

"அத்தான், இதுல மருந்து போட்டேனா, இல்லையா?"

"போடல போடல. நான் பாத்துட்டுத்தான இருக்கேன்" என்றேன். நிபுணர் குரலில்.

அவன் பிடியை இழுத்தான். குண்டை வைத்து அழுத்தினான். ணங்.

"தம்பி, கைய எடு."

தோசைக் கரண்டியோடு செல்வி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பாரூத் என்று நான் உரக்கச் சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டிருக்கிறது.

"அக்கா, அது வந்து..."

"மேசைய விட்டுக் கைய எடுடான்னேன்."

எடுத்தான். அவள் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா இது?"

"ரெண்டு மூணு வருஷமா. இங்க எல்லாரும் செய்றதுதான்க்கா."

"எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதான் செய்றாங்களா?"

கேள்வி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

"இவரு கதைய ஆரம்பிச்ச பொறவு போட்டது எதெல்லாம்?"

பாலா கிண்ணத்தைப் பார்த்தான். எல்லாம் ஒன்று போலவே பளபளவென்று கிடந்தன. "தெரியாது. எல்லாம் கலந்துருச்சு."

"அப்ப எல்லாத்தையும் பிரி."

"விடியக்காலையில இருந்து செஞ்சதுக்கா. ஒண்ணுல ரெண்டு தடவ விழுந்திருந்தாத்தான் ஆபத்து. அப்படியெல்லாம் விழுந்திருக்காது."

"அப்பாவும் இப்படித்தான் சொல்லிருப்பாரு."

"அப்பா கைக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்? அவரு கை எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து அப்படித்தான் இருந்துச்சு."

செல்வி தரையில் உட்கார்ந்தாள். கரண்டியில் மாவு காய்ந்துகொண்டிருந்தது.

"உனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்துதான் அப்படி. எனக்குத் தெரிஞ்ச அப்பாவுக்குப் பத்து விரல் இருந்துச்சுடா. தெனம் சாயங்காலம் ஆலையில குளிச்சிட்டு வருவாரு. அம்மா வாசல்ல நிப்பா. கையக் காட்டுன்னு சொல்லுவா. ரெண்டு கையையும் நீட்டுவாரு. பொறவுதான் வழி விடுவா. அதுக்கு அப்புறம் காப்பி. நான் அம்மா சேலையப் புடிச்சிட்டு நின்னு பாப்பேன். ஒரு நாள் ஒரு கையத்தான் காட்டினாரு. இன்னொரு கையில துண்டு சுத்தி முதுகுப் பின்னால வச்சிருந்தாரு. ஆஸ்பத்திரியில இருந்து நேரா வந்திருக்காரு, அம்மா பதறக் கூடாதுன்னு சிரிச்சிட்டே நிக்காரு. என்ன ஆச்சுன்னா, கலவையப் போடும்போது பக்கத்துல ஒருத்தர் பேச்சுக் கொடுத்தாராம். அவ்வளவுதான். நீ அப்பப் பால்குடிக்கிற புள்ள."

என் கல்யாணத்தன்று மாமனார் எனக்கு மோதிரத்தை இடது கையால் போட்டுவிட்டார். வேலையில் பட்டது என்று மட்டும் சொன்னார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் கேட்கிற வழக்கம் இல்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வருஷக்கணக்காக வாசலில் நின்று இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டியவன், அதையும் இதையும் ஒரு தடவைகூட முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. கணக்கு டீச்சருக்குச் சுத்தம் அதிகம் என்றுதான் என் ஆராய்ச்சி போயிற்று.

அறைக் கதவில் வைஷு நின்றிருந்தாள். காதில் எதுவும் இல்லை.

"தாத்தா எனக்கு லட்டு எப்பவும் லெஃப்ட் ஹேண்ட்ல குடுப்பார்" என்றாள். "மேனர்ஸ் நஹீ ஹை, மேனர்ஸே இல்லன்னு நான் சொல்லிருக்கேன். அவர்கிட்டயே."

தோசை கருகுகிற வாசனை வந்தது.

"பிரிச்சிருதேங்க்கா" என்றான் பாலா.

6

மறுநாள் காலை மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைத் தட்டில் இரண்டு சிறு குவியல். சாம்பல் நிற மருந்து. ஒன்று ஒரு சிட்டிகை. பக்கத்தில் இருந்தது அதைப்போல் இரு மடங்கு. கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அது என் கதையின் எந்த இடத்தில் விழுந்தது என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. எனக்குக் காதில் கேட்டது நான் சொன்ன "போடல போடல" மட்டும்தான். ராஜீவ் சவுக்கில் இறங்க வேண்டியவன் இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய்விட்டேன். அலுவலகத்தில் குப்தாஜி, "சிவகாசிவாலே சாப், இந்த வருஷம் எந்த ராக்கெட் நல்லது?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது, குப்தாஜி. என் அப்பா லேபிள் வெட்டினார்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேண்டுமென்றே தன்னடக்கம் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உண்மையை டெல்லியில் நம்ப ஆள் இல்லை.

சாயங்காலம் வீட்டில் செல்வி மகளோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விட்டுவிடு என்று தம்பியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை, பதிலே சொல்லவில்லை. "வேண்டாம்னா ஒளிச்சுச் செய்வான். அப்பாவும் மூணு மாசத்துல மறுபடி அதே ஆலைக்குத்தான் போனாரு" என்றாள். ஆகவே கருவியை அவளே தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என்று முடிவு.

வைஷு ஒவ்வொருவரும் எழுதிய கருத்துகளைப் படித்துச் சொன்னாள். "அம்மா, எலெக்ட்ரிக்வாலாவுக்கு எல்லாரும் ஃபைவ் ஸ்டார். ஜல்தி ஜல்தி ஆயிடுமாம். ஒருத்தன் எழுதிருக்கான், டிவி பாத்துட்டே செய்யலாம்னு."

"அது வேண்டாம்."

"கரண்டி? ரொம்ப ஸ்லோன்னு திட்டறாங்க."

"மெதுவா இருக்கிறது தப்பில்ல. ஆனா அவனுக்குப் பொறுமை கிடையாது. வழிக்காம அள்ளிப் போட்டுருவான்."

"தோ பிர், கைப்பிடிதான். ட்யூப் உள்ள தெரியுது. மருந்து எறங்குறதைப் பாக்கலாம்." கொஞ்ச நேரம் மேலே படித்தாள். "இங்க ஒருத்தன் நல்லா எழுதிருக்கான். ஒரு கூட்டுல போட்டு உடனே மூடாதேங்கறான். எல்லாக் கூட்டையும் கட்டையில வரிசையா நிறுத்து, எல்லாத்துலயும் போடு, டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணாக் குனிஞ்சு பாரு. ஒண்ணு மட்டும் உசரமா இருந்தா கண்ணுக்கே தெரியும்."

செல்வி மகளைத் திரும்பிப் பார்த்தாள். "இத அப்படியே உன் மாமாவுக்கு நீயே சொல்லு."

"மைன்? நான் அவர்கிட்டயா?"

"எனக்கு இங்கிலீஷ்ல அவ்வளவு வராது" என்றாள், இருபது வருஷமாக ஆங்கிலத்தில் கணக்கு நடத்துகிறவள்.

வைஷு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. நீண்ட நேரம் பேசினார்கள். இடையில் ஒருமுறை உள்ளேயிருந்து "தயிர் சாதம்" என்று கேட்டது. என் கதை எனக்கே தெரியாமல் அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

நிபுணரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. செல்வி எனக்கு ஒரு விதி மட்டும் சொன்னாள். "அவன் மருந்து அளக்கிற நேரத்துல நீங்க கூப்பிடக் கூடாது. அவனும் கூப்பிடக் கூடாது. முடிச்சுக் கையக் கழுவிட்டுக் கூப்பிடட்டும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆகிற நேரம் ஆகும்."

7

கருவி தீபாவளிக்கு முந்தின வாரமே அவனுக்கு வந்துவிட்டது. இங்கே ஞாயிறு ஏழு மணி ஆனது. போன் அடிக்கவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியை ஜன்னலுக்கு நகர்த்தினேன். கீழே கரோல் பாக் முழுக்க விளக்குச் சரம், கூட்டம், எங்கோ ஒரு வெடி, அதைத் தொடர்ந்து யாரோ போலீஸ் போலீஸ் என்று சிரிக்கிற சத்தம். நாற்காலியை மறுபடி உள்ளே நகர்த்தினேன். பேசச் சேர்த்துவைத்த விஷயங்களை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஒன்றிலும் சிரிப்பு வரவில்லை. அங்கே அந்த மேஜையில் ஒருத்தன் எங்கள் சத்தம் இல்லாமல் பிடியை இழுத்துக்கொண்டிருக்கிறான். அவன் தமிழ் பேசக் கிடைக்கிற ஒரே காலைப் பொழுதில் பாதியை வாங்கிக்கொண்டுவிட்டோம். வாங்காமலும் இருக்க முடியாது.

செல்வி துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"முடிஞ்சிருக்கும்ல?" என்றேன்.

"கட்டையில வச்சு, டார்ச் அடிச்சுப் பாக்கணும்ல."

மறுபடி கொஞ்ச நேரம். வைஷு அறையிலிருந்து வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அது என்னிடமிருந்து போன பழக்கம்.

போன் அடித்தது. வைஷுதான் முதலில் பாய்ந்து எடுத்தாள். திரையில் கார் ஷெட் இல்லை, சமையலறை. பின்னால் அவன் மனைவி கை அசைத்தாள். பாலாவின் தலைமுடி ஈரமாக இருந்தது. குளித்துவிட்டு வந்திருக்கிறான்.

"அக்கா, முடிஞ்சிருச்சு."

"கையக் காட்டு" என்றாள் செல்வி, தூரத்தில் நின்றபடியே.

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு போனை எதிலோ சாய்த்துவைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துத் திரைக்கு முன்னால் நீட்டினான். திருப்பினான். மறுபடி திருப்பினான்.

"சரி" என்றாள் செல்வி. கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அத்தான் எங்க? என்ன சத்தத்தையே காணோம்? ஒண்ணும் கத இல்லையா இந்த வாரம்?"

"இருக்கு, மாப்ளே. கொஞ்சம் கைய அப்படியே வச்சிரு" என்றேன்.

செல்வி சரி என்று சொன்ன பிறகும் வைஷுவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு விரலாக, சத்தம் வராமல், இந்தியில். ஆட், நௌ வரைக்கும் வந்து, பத்தாவது விரலில் தஸ் என்று முடித்துவிட்டுத்தான் போனை என் கையில் கொடுத்தாள்.